வேப்பமரத்துக்கு யார் வேப்பிலை அடிப்பது?

வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால் நாம் முதலில் தேடுவது வேப்பிலையைத்தான். வாசலில் ஒரு கொத்து, படுக்கையில் ஒரு கொத்து, தலைக்கு ஊற்றும் நாளில் தண்ணீரில் ஒரு கைப்பிடி. அரிசி டப்பாவில் வண்டு வராமலிருக்க வேப்பிலை, கொசுவை விரட்ட வேப்பிலைப் புகை, வயிற்றில் பூச்சி என்றால் வேப்பங்கொழுந்து உருண்டை. மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் வாசலில் சற்று நேரம் நின்றால் போதும், இந்த இலைமேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை எவ்வளவு பழையது என்பது புரியும்.

சரி, ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற அந்த மரத்துக்கே உடம்புக்கு வந்தால்?

வருகிறது. மழைக்காலம் முடிந்து பனிக்காலம் தொடங்கும் நேரத்தில் சில வேப்பமரங்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சையாக இருந்த மரத்தின் கிளை நுனிகள் மட்டும் தீயில் வாட்டியதுபோல் பழுப்பாகக் கருகித் தொங்கும். சில வாரங்களில் மரம் முழுக்கக் காய்ந்ததுபோல் ஆகிவிடும். 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தெலங்கானாவில் வேப்பமரங்கள் இப்படிக் கூட்டம் கூட்டமாகக் கருகியது பெரிய செய்தியானது. தமிழகத்திலும் பல ஊர்களில் இதே பேச்சு எழுந்தது. 'யாரோ வேரில் ஆசிட் ஊற்றிவிட்டார்கள்', 'செல்போன் டவர்தான் காரணம்' என்றெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

உண்மையான காரணம் ஒரு பூஞ்சை. பெயர் போமோப்சிஸ் அசாடிராக்டே. வேம்பில் இந்த நோய் இருப்பதை 1997-இல் கர்நாடகத்து விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். நுனிக்கருகல் நோய் என்று இதைச் சொல்கிறோம். பூஞ்சைக்கு வழி திறந்து கொடுக்க ஒரு கூட்டாளியும் உண்டு: தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு, உண்மையில் இது செடியின் சாறு உறிஞ்சும் ஒரு நாவாய்ப்பூச்சி. இளங்கொழுந்தில் ஊசிபோல் வாயைக் குத்திச் சாறு குடிக்கும். குத்திய இடத்தில் காயம். அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். மழை ஈரம் அதற்கு வசதி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேப்பெண்ணெயை வைத்துச் செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற நிறுவனமும். 'இது எங்கள் விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம்' என்று வந்தனா சிவா உள்ளிட்டோர் போராடினார்கள். 2000-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. எந்த எண்ணெயால் பூஞ்சையை அடக்கலாம் என்று உலகமே சண்டை போட்டதோ, அந்த எண்ணெய்க்குச் சொந்தக்கார மரத்தைத்தான் ஒரு பூஞ்சை வந்து கருக்குகிறது!

எண்ணெய் இருப்பது விதைக்குள். பூச்சிகளை விரட்டும் அசாடிராக்டின் என்ற பொருளும் விதையில்தான் அதிகம். அடி விழுவதோ கொழுந்து நுனியில். ஆயுதக் கிடங்கு ஒரு பக்கம், எதிரி நுழைவது இன்னொரு பக்கம். அப்படியானால் மரம் எதை வைத்துச் சமாளிக்கிறது?

ஓட முடிந்தவர்களின் வைத்தியம்

மரத்தைப் பார்ப்பதற்கு முன் அதில் குடியிருப்பவர்களைப் பார்த்துவிடுவோம். ஒப்பிட்டால்தான் மரத்தின் கஷ்டம் புரியும்.

நமக்குக் கிருமி தொற்றினால் உடம்பு சுடுகிறது. காய்ச்சல் என்பதே உடம்பின் தற்காப்புதான். ஆனால் பல்லி, ஓணான் வகைகளுக்கு நம்மைப்போல் உள்ளிருந்தே சூட்டை ஏற்றிக்கொள்ளும் வசதி இல்லை. அவை என்ன செய்யும்? 1970-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகர் என்பவரும் அவருடைய குழுவினரும் பாலைவன இகுவானா என்ற ஓணான் வகையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோய்க்கிருமி செலுத்தப்பட்ட ஓணான்கள் சூடான இடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்து, வழக்கத்தைவிட உடம்பைச் சூடாக்கிக்கொண்டன. அப்படிச் சூடாக இருக்க முடிந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவை அதிகமாகச் செத்தன. காய்ச்சலை வெயிலில் இருந்து கடன் வாங்குகிறது ஓணான்!

சிட்டுக்குருவியின் வைத்தியம் இன்னும் சுவாரஸ்யம். கூட்டில் பேன், உண்ணி சேர்ந்தால் குஞ்சுகளுக்கு ஆபத்து. கொல்கத்தாவில் சிட்டுக்குருவிக் கூடுகளைக் கவனித்த சென்குப்தா என்ற ஆய்வாளர் 1981-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குருவிகள் வேப்பிலையைக் கொண்டுவந்து கூட்டுக்குள் வைப்பதை அதில் விளக்கினார். நாம் வாசலில் செருகுவதை அவை கூட்டில் செருகுகின்றன. 

நம் வீட்டுச் சுவர் இடுக்கில் குழாய்போல வாசல் வைத்துக் கூடு கட்டும் கொசுத்தேனீயைப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டத் தெரியாத அந்தக் குட்டித் தேனீ, மரங்களில் கசியும் பிசினைச் சேகரித்து மெழுகோடு கலந்துதான் வீடு கட்டும். பிசினுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. எனவே சுவரே மருந்து.

ஓணான் வெயிலுக்குப் போகிறது. குருவி இலை பறிக்கப் போகிறது. தேனீ பிசின் எடுக்கப் போகிறது. எல்லோரும் எங்கோ போகிறார்கள். நாம் டாக்டரிடம் போகிறோம். மரத்தால் எங்கும் போக முடியாது. முளைத்த இடத்திலேயே நின்றுகொண்டுதான் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். அதற்கு ரத்தமும் இல்லை, ரத்தத்தில் ஓடிவந்து கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களும் இல்லை.

நின்றபடியே ஒரு போர்

மரத்தின் முதல் காவல், பட்டை. நம் தோல் மாதிரி. அது கிழியாதவரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே வர முடியாது.

பட்டை கிழிந்தால் இரண்டாவது காவல், பிசின். முருங்கையிலும் வேம்பிலும் காயம் பட்ட இடத்தில் பிசின் வடிந்து உறைவதைப் பார்த்திருப்பீர்கள். மரம் போட்டுக்கொள்ளும் பிளாஸ்திரி அது.

அதையும் தாண்டிக் கிருமி உள்ளே வந்துவிட்டால்? நம் உடம்பில் காவல்படை தனியாக இருக்கிறது. செடியில் அப்படி இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும். கிருமி வந்தது தெரிந்ததும், நுழைந்த இடத்தைச் சுற்றியிருக்கும் செல்கள் தாங்களாகவே செத்துப்போகும். உயிருள்ள செல்லில் மட்டுமே வாழத் தெரிந்த கிருமி, நாலாபக்கமும் பிணங்கள் சூழப் பட்டினியில் மாட்டிக்கொள்ளும். இலையில் நாம் பார்க்கும் பழுப்புப் புள்ளிகளில் சில, இப்படி ஒரு சண்டை நடந்து முடிந்த இடத்தின் தழும்பு.

சாவதற்கு முன் அந்த இலை மற்ற இலைகளுக்குத் தகவலும் அனுப்புகிறது. அதில் முக்கியமான பங்கு சாலிசிலிக் அமிலத்துக்கு. நாம் தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தக்காரர் இவர். 1979-இல் ரேமண்ட் ஒயிட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் ஊசி போட்டுப் பார்த்தார். வைரஸை எதிர்க்கும் சக்தி அந்தச் செடிக்குக் கூடியது! 1997-இல் இன்னொரு ஆய்வு, வைரஸ் தாக்கிய புகையிலைச் செடி மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளைக் காற்றில் ஆவியாக விடுவதைக் கண்டுபிடித்தது. அந்த ஆவி பட்ட ஆரோக்கியமான செடிகளும் 'ஏதோ வருகிறது' என்று முன்கூட்டியே தயாராகின.

மெத்தில் சாலிசிலேட் என்றால் யாருக்கும் புரியாது. ஆனால் வாசனை எல்லோருக்கும் தெரியும். வலிக்குத் தேய்க்கும் பல தைலங்களின் நெடி அதுதான். மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடைப்பயிற்சி போகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். பூங்கா யார் பெயரில் இருக்கிறதோ, அந்தக் காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் 1893-இல் அமிர்தாஞ்சனைத் தொடங்கியவர். தைலக்காரர் பெயரில் இருக்கும் பூங்காவில், செடிகளுக்கும் ஒரு தைல பாஷை உண்டு என்று நினைத்தபடி நடப்பது நன்றாகத்தான் இருக்கும்.

மரத்துக்குக் காயம் ஆறாது

இனி வருவதுதான் முக்கியமான விஷயம். நம் முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் சில நாளில் புதுத்தோல் வந்து அந்த இடம் பழையபடி ஆகிவிடும். மரத்துக்கு அப்படி நடக்காது. கெட்டுப்போன மரத்திசு கெட்டதுதான். அதை மரத்தால் சரிசெய்ய முடியாது.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி. அவர் ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து, பழைய காயங்களுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தார். அவர் கண்டது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அடைத்துவைக்கிறது. காயத்துக்கு மேலும் கீழும், உள்பக்கமும், இரண்டு பக்கவாட்டிலும் திசுக்களை இறுக்கி, ரசாயனங்களை நிரப்பித் தடுப்புச் சுவர் எழுப்புகிறது. காயத்துக்குப் பிறகு புதிதாக வளரும் வெளி வளையம்தான் எல்லாவற்றிலும் பலமான சுவர். அழுகல் உள்ளேயே கிடக்கும். மரம் அதை ஒரு அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, வெளியே புது மரமாக வளர்ந்துகொண்டே போகும். 1977-இல் இந்த விளக்கத்தை அவர் முழுமையாக வெளியிட்டார்.

நடுவில் பொந்து விழுந்த மரம் வருடக்கணக்காகப் பச்சையாக நிற்பதன் ரகசியம் இதுதான். மரத்தின் உயிர் பட்டையை ஒட்டிய வெளி வளையங்களில் இருக்கிறது. ஒரு தீவைக் கைவிட்டு மற்ற தீவுகளைக் காப்பாற்றும் ராஜாவைப் போன்றது மரம்.

இதற்கு ஆலமரத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை. கொல்கத்தாவை அடுத்த ஹவுராவில், ஜகதீஷ் சந்திர போஸ் பெயரிலுள்ள தாவரவியல் பூங்காவில் ஒரு மாபெரும் ஆலமரம் இருக்கிறது. 1864-இலும் 1867-இலும் வீசிய புயல்களில் அது முறிந்து காயம்பட்டது. காயத்தில் பூஞ்சை நுழைந்தது. அழுகிப்போன நடு மரத்தை 1925-இல் வெட்டி எடுத்தே விட்டார்கள். ஆனால் மரம் சாகவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகளில் இன்றும் அது ஒரு காடுபோல் நிற்கிறது.

நம் அடையாறிலும் அதே கதைதான். தியசாஃபிகல் சொசைட்டி வளாகத்தில் இருக்கும் ஆலமரத்துக்குச் சுமார் 450 வயது என்று சொல்வார்கள். அன்னி பெசன்ட், ஜே. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் அதன் நிழலில் நின்று பேசியிருக்கிறார்கள். 1989-இல் அடித்த புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. பார்க்கப் போகிறவர்கள் இன்று காண்பதெல்லாம் விழுதுகள் தாங்கும் மரத்தை. தாய் போனபின்னும் பிள்ளைகள் குடும்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓட முடியாத உயிர், ஓரிடத்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று கற்றுக்கொண்ட பாடம் இது.

சுவர் எழுப்பக் காசு வேண்டும்

எல்லாம் சரி, மரமே பார்த்துக்கொள்ளும், நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். 

பிசின் வடிப்பதற்கும், ரசாயனம் தயாரிப்பதற்கும், தடுப்புச் சுவர் எழுப்புவதற்கும், புதுத் தளிர் விடுவதற்கும் செலவாகும். மரத்தின் காசு சர்க்கரை. அதை இலைகள் சம்பாதிக்கின்றன. அதற்குத் தேவையான தண்ணீரை வேர்கள் கொண்டுவருகின்றன. வேர்களும் மூச்சுவிட வேண்டும். மண்ணுக்குள் காற்றும் ஈரமும் போக வேண்டும். இலையும் வேரும் நன்றாக இருக்கும் மரம் நோயை அடைத்துவைக்கும். அவை பலவீனப்பட்ட மரம், சின்னக் காயத்துக்கே தோற்றுவிடும்.

இப்போது தி.நகர், மயிலாப்பூர், அடையாறு உள்தெருக்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள். நடைபாதைக் கல் பல மரங்களின் கழுத்தை நெரிப்பதுபோல் அடிமரம் வரை ஒட்டிப் போடப்பட்டிருக்கும். ஒரு சொட்டு மழைநீர் இறங்க இடமில்லை. தண்டில் டியூஷன் சென்டர், பி.ஜி., வீடு வாடகைக்கு என்று விளம்பரப் பலகைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு ஆணி. ஒவ்வொரு ஆணியும், தேயிலைக் கொசு குத்துவதைவிடப் பெரிய ஒரு கதவைக் கிருமிக்குத் திறந்துவிடுகிறது. மரத்தைச் சுற்றிக் கட்டிய கேபிள் ஒயர், மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் அறுத்துக்கொண்டு இறங்கும். மழைக்காலத்துக்கு முன் 'கிளை கழிக்கிறோம்' என்று மொட்டையடித்துவிட்டால், சம்பாதிக்கும் இலைகள் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். தோண்டும் பள்ளங்களில் வேர் அறுபடுவது தனி.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அவ்வளவு வேகமான காற்றில் நல்ல மரமும் விழும்தான். ஆனால் வேர் பரப்ப இடமில்லாமல், உள்ளே அழுகலோடு நிற்கும் மரம் முதலில் விழும். அடுத்த புயலுக்கு எந்த மரம் நிற்கும் என்பதை நாம் இன்று அதன் அடியில் போடும் சிமென்ட்டும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

கருகிய வேப்பமரத்தைப் பார்த்ததும் 'பட்டுப்போச்சு, வெட்டிவிடலாம்' என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு சின்னச் சோதனை உண்டு. எட்டுகிற கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்தக் கிளையில் உயிர் இருக்கிறது. நுனிக்கருகல் வந்த வேம்பில் பெரும்பாலும் கருகுவது நுனிகள்தான். வெயில் ஏறியதும் மாசி, பங்குனியில் மீண்டும் தளிர்விட வாய்ப்பு அதிகம். ஒரு கோடை வரை பொறுத்திருங்கள்.

அதுவரை அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டுக் கொஞ்சம் மக்கிய உரம் போடுங்கள். மழை இல்லாத நாள்களில் தண்ணீர் விடுங்கள். காய்ந்த நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள், மரத்தடியிலேயே குவித்து வைக்காதீர்கள். பூஞ்சை அதில் காத்திருக்கும்.

கிளை வெட்டினால், அது தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த ஒரு வளையம் இருப்பதைக் கவனியுங்கள. சுவர் எழுப்பும் கொத்தனார்கள் இருக்கும் இடம் அதுதான். அதை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்டச் சொல்லுங்கள். தண்டோடு ஒட்ட வழித்தும் வெட்டக் கூடாது, நீளமாக முளைபோலவும் விடக் கூடாது. வெட்டிய இடத்தில் பெயின்ட், தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை. பொந்தில் சிமென்ட் அடைப்பதும் வேண்டாம். மரத்துக்கு அந்த வேலை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சிமென்ட்டை எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும்? 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களுக்காக ஒரு உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு கான்கிரீட் இருக்கக் கூடாது என்றது அது. நம் தெருவில் நடைபாதை வேலை நடக்கும்போது, ஒரு மீட்டர் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் பேசலாம். தெருமரம் பற்றிய புகாருக்கு மாநகராட்சியின் 1913 இருக்கிறது. அபார்ட்மென்ட் மரம் என்றால் அசோசியேஷன் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேளுங்கள். 'இலை குப்பை விழுகிறது' என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அந்த இலைதான் மரத்தின் சம்பளம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும். இந்த நோய் கடுமையாகத் தாக்கினால் பூவும் பழமும் இல்லாமல் போகும், பழம் இல்லையென்றால் அடுத்த கன்று இல்லை. எனவே பங்குனி முடிவதற்குள் ஒருநாள் உங்கள் தெரு வேம்பை அண்ணாந்து பாருங்கள். பூ வைத்திருந்தால், யாரும் உதவாமலே அது ஒரு சண்டையில் ஜெயித்திருக்கிறது. வைக்கவில்லையென்றால், அதன் அடியில் எவ்வளவு சிமென்ட் இருக்கிறது என்று குனிந்தும் பாருங்கள்.